கேமில பழகினது கச்சான் யாவாரத்துக்கு உதவுமோ?

கச்சான்_கிளான்:

வணக்கம் எல்லாருக்கும். நான் முறிகண்டிப் பக்கம். அம்மா கோயிலடியில கச்சான் (நிலக்கடலை) விக்கிறா. ஏ9 ஆல போய்வாற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு ஒரு சரை (கடதாசியில சுத்தின பொட்டலம்) கச்சானும் வாங்கிக்கொண்டுதான் அங்கால வெளிக்கிடுவினம். நான் ஏஎல் எடுத்திட்டு அங்க இஞ்ச வேலைக்குப் போய்ப் பாத்திட்டு இப்ப அம்மாவோடயே நிக்கிறன். மணல் சூடாக்கி வறுக்கிறது, அரிக்கிறது, புடைக்கிறது எல்லாம் என்ர பாடு, விக்கிறது அம்மா.

இப்ப ஒரு யோசினை. கோயிலடில நிக்கிற வாகனத்தை மட்டும் நம்பிக்கொண்டிராமல் பைக்கற் பண்ணி கிளிநொச்சி ரவுண், பரந்தன், இஞ்சால மாங்குளம், ஏலுமெண்டா வவுனியா வரைக்கும் கடையளுக்குப் போடுவமோ எண்டு. கலர் கவர் அடிக்க ஆள் பாத்து வைச்சிருக்கிறன், சீல் பண்ணுற மெசினும் நல்லது ஒண்டு பாத்தனான், கொஞ்சக் காசு கையில இருக்கு, மிச்சத்துக்கு லோன் தாறம் எண்டு ஒரு இடத்தில சொல்லுகினம்.

ஆனா நான் கேக்க வந்தது வேற. சித்தப்பா வீட்ட வந்தா "போனைத் தேய்க்கிறதை விட்டா உனக்கு வேற என்னடா தெரியும், நீ எங்க யாவாரம் செய்யப்போறாய்" எண்டு ஒரே பேச்சு. நான் கனக்க விளையாடினனான்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. கிளாஷ் ஒஃப் கிளான்ஸ் எண்ட போன் கேமில 50 பேர் நிறைஞ்ச கிளானுக்கு, அதாவது கூட்டத்துக்கு, லீடரா இருந்தனான், மற்றக் கிளானோட வோர் வந்தா ஒராளுக்கு ரெண்டு அற்றாக், ஆர் எதிரியின்ர எந்த பேஸுக்கு (கோட்டைக்கு) அடிக்கிறது, ஆர் பிந்தி அடிக்கிறது எண்டு பிரிச்சுக் குடுக்கிறது நான்தான், அதுவும் கனடால இருக்கிறவன் நித்திரையால எழும்புற நேரமெல்லாம் கணக்குப் பாத்து. பப்ஜீ எண்ட சுடுற கேமில எங்கட ஸ்குவாட்டுக்கு என்ன செய்யிறது எண்டு கோல் குடுக்கிறதும் நான். தோத்தா அந்த மச்சைத் திருப்பிப் போட்டுப் பாத்து எந்த இடத்தில பிழைச்சது எண்டு எல்லாரும் இருந்து கதைப்பம். இதெல்லாம் ஒண்டுக்கும் உதவாத விசயமோ? யூரியூப்பில சிலர் கேம் விளையாடுறவன்தான் நல்ல முதலாளியா வருவான் எண்டு கத்துறாங்கள், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா காசு போடப்போறது நான் எல்லோ.

அதால ரெண்டையும் செய்த ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ, எது உண்மையா உதவினது, எது சும்மா மனசைத் தேத்துற கதை? விளையாடாத ஆக்களும் சொல்லலாம், ஏசாமல் சொல்லுங்கோ.

அறிவியல்நகர்_பொடியன்:

மச்சான் நீ எங்கட பக்கத்து ஆள், எங்கட அறிவியல்நகர்க் கம்பஸில இருந்து எட்டிப் பாத்தா நீ வறுக்கிற தாச்சி தெரியும் போல.

நீ விளையாடின கேமை விட அதைச் செய்தவங்களப் பாத்தா உனக்குக் கூடப் பிரயோசனம் எண்டு நினைக்கிறன். சுப்பர்செல் பின்லாந்துக் கொம்பனி, கிளாஷ் ஒஃப் கிளான்ஸை 2012ல விட்டவங்கள். அவங்கள் ஒரு கேம் செய்தா உடன உலகம் முழுக்க விடுறேல்ல. முதல்ல கனடா மாதிரி ஒண்டு ரெண்டு நாட்டில மட்டும் விட்டு சனம் எப்பிடி விளையாடுது, அடுத்த கிழமையும் திரும்பி வருதோ எண்டு பாப்பாங்கள், சரிவராட்டி இழுத்து மூடிப்போடுவாங்கள். 2015ல ஸ்மாஷ் லாண்ட் எண்ட கேம் அப்பிடித்தான் உலகத்துக்கு வராமலே செத்தது. ஒரு கேமை மூடினா சம்பெயின் உடைப்பாங்கள், தோத்ததுக்கு இல்லை, அதில படிச்சதுக்கு. ப்ரோல் ஸ்டார்ஸின்ர கதை இன்னும் நல்லம். 2017 ஆனியில கனடால விட்டது, அப்ப போனை நிமித்திப் பிடிச்சு விளையாடுற மாதிரித்தான் இருந்தது, சனம் முறைப்பாடு, பிறகு போனைப் படுக்கப் பிடிச்சு விளையாடுற மாதிரி மாத்தி, கீறின ஆக்களின்ர வடிவத்தையும் மாத்தி 2018 மார்கழிலதான் எல்லா நாட்டுக்கும் விட்டாங்கள். ஒண்டரை வருசம்! அவ்வளவு காசு வைச்சிருக்கிறவனே அவசரப்படேல்ல.

நீ கவர் அடிக்க ஆள் பாத்து வைச்சிருக்கிறாய், ஆனா எத்தினை கிராம் எண்டு முடிவாகிட்டுதோ? உப்பு மட்டுமோ, தூள் பிரட்டினதோ? கோதோடயோ, உடைச்ச பருப்போ? அதை நீ வீட்டில இருந்து முடிவெடுக்கேலாது. இஞ்ச இஞ்சினியரிங்கும் விவசாயமும் இருக்கு, எக்ஸாம் நேரம் ஹொஸ்டல் பொடியள் இரவிரவா முழிச்சிருந்து கொறிக்கிறவங்கள். இதுதான் உன்ர கனடா. கன்ரீனில போட்டுப் பார், நான் கதைச்சு விடுறன்.

இன்னொண்டு. ஸ்ருவர்ட் பட்டர்ஃபீல்ட் எண்டு ஒராள் ரெண்டு தரம் கேம் செய்யப் போனவர், ரெண்டு கேமும் நிலைக்கேல்ல. முதல் தரம் அதில மிஞ்சினதை வைச்சு 2004ல ஃபிளிக்கர் எண்ட படம் போடுற தளம். ரெண்டாந்தரம் கிளிச் எண்ட கேமை 2012ல மூடிப்போட்டு, வேலை செய்த ஆக்கள் தங்களுக்குள்ள கதைக்கச் செய்து வைச்சிருந்த சாமானை வெளிய விட்டாங்கள், அதுதான் ஸ்லாக். 2021ல சேல்ஸ்ஃபோர்ஸ் எண்ட கொம்பனி அதை 27.7 பில்லியன் டொலருக்கு வாங்கினது. ஆர் கண்டது, கச்சான் விக்கப் போய்க் கடைசில நீ வறுக்கிற மணல் விக்கிறியோ தெரியாது.

கரடிப்போக்கு_போன்கடை:

கம்பஸ் தம்பி சொன்னது நல்ல கதைதான், ஆனா அது கேம் செய்து வித்தவன்ர கதை, இவர் கேக்கிறது விளையாடினவன்ர கதை. சுப்பர்செல்காரன் யாவாரி. உங்களை விடிய விடிய முழிக்க வைச்சதுதான் அவன்ர யாவாரமே.

நான் நெற்கபே காலத்து ஆள், ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் ரெண்டு எண்ட கொம்பியூட்டர் கேமில ஊறினனான். தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், தொடங்கேக்க மூண்டு வேலைக்காரரும் ஒரு குதிரைக்காரனும் கையில இருக்கும், 200 சாப்பாடு, 200 மரம், 100 பொன், 200 கல்லு. இன்னொரு வேலைக்காரனை எடுக்க 50 சாப்பாடு போகும், அடுத்த காலத்துக்கு ஏற 500 வேணும். புதுசா வாறவன் என்ன செய்வான், உடன படைக்கு ஆள் எடுப்பான், மதில் கட்டுவான், வடிவா ஒரு கோட்டைக்கு ஆசைப்படுவான். தெரிஞ்சவன் நடுவில இருக்கிற மண்டபம் ஒரு செக்கனும் சும்மா நிக்காமல் வேலைக்காரரை எடுத்துக்கொண்டே இருப்பான், இருவது நிமிசத்தால பாத்தா ரெண்டு பேருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். இது எனக்கு என்ர போன் திருத்துற கடையில நேரடியா உதவினது. கடை தொடங்கேக்க கண்ணாடி அலுமாரி போடு, லைற் போர்ட் போடு எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். நான் அந்தக் காசுக்கு மைக்ரோஸ்கோப்பும் நல்ல ஹொட் எயார் ஸ்ரேசனும் எடுத்துப்போட்டு பழைய மேசையிலயே இருந்தனான். காசு வாற இடம் எதுவோ அது சும்மா நிக்கக்கூடாது, மற்றதெல்லாம் பிந்தி. உங்களுக்கு அது தாச்சி தம்பி, கவர் இல்லை.

ஆனா அதுக்கு அங்கால வித்தியாசம் கனக்க. கேமில பொன் வெட்டினா பொன் வரும், இஞ்ச வித்தாலும் காசு வராது. "நாளைக்குத் தாறன் தம்பி" எண்டு ஒரு கட்டம் எந்தக் கேமிலயும் வைக்கேல்ல. வேலைக்காரனுக்குக் காய்ச்சல் வராது, அவன்ர மச்சாளுக்குக் கலியாணமும் வராது. திரையில மேல ஒரு வரி கிடக்கும், சாப்பாடு இவ்வளவு, மரம் இவ்வளவு எண்டு, நீங்கள் கேக்காமலே செக்கனுக்குச் செக்கன் காட்டும். கடையில அந்த வரி இல்லை. பின்னேரம் லாச்சியத் திறந்தா காசு கிடக்கும், அது லாபமோ, நாளைக்குச் சாமான் எடுக்கிற முதலோ, வாடகைக் காசோ எண்டு லாச்சி சொல்லாது, அந்த வரியை நாங்கள்தான் கொப்பியில ஒவ்வொரு நாளும் எழுதி உண்டாக்கவேணும். விளையாடிப் பழகின பொடியள் சறுக்கிறது இதிலதான் எண்டு நான் பாத்திருக்கிறன், ஏன் எண்டா அவங்களுக்கு ரிசல்ற் தானா வந்து பழக்கம், மச் முடிஞ்ச உடன எத்தினை கில், எவ்வளவு டமேஜ், எத்தினையாவது இடம் எல்லாம் எழுதி வரும். யாவாரத்தில மச் எப்ப முடிஞ்சது எண்டே தெரியாது, சிலநேரம் ஆறு மாசத்துக்கு முதலே தோத்திருப்பம், கடை திறந்துதான் கிடக்கும்.

மற்றது விதி. கேமில அப்டேற் வந்தா என்ன மாறினது எண்டு எழுதிப் போடுவான். எங்களுக்கு 2021ல இரசாயன உரத்துக்குத் தடை எண்டாங்கள், அந்த வருசக் கடைசிக்குள்ளயே எடுத்தாங்கள், இடையில வயல்காரர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2022 பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலம் கரன்ட் வெட்டு, நான் சோல்டரிங் அயனைக் கையில வைச்சுக்கொண்டு றோட்டைப் பாத்துக்கொண்டிருந்தனான். இதுக்கு எங்க போய்ப் பயிற்சி எடுக்கிறது?

தோத்த மச்சைத் திருப்பிப் பாக்கிற பழக்கம் எண்டு எழுதினியள் எல்லோ, அதை மட்டும் விட்டிராதேங்கோ. நீங்கள் எழுதினதில உருப்படியான விசயம் அதுதான், லீடரா இருந்ததெல்லாம் பிறகு.

முள்ளியவளை_ஸ்னைப்பர்:

கிளான் லீடருக்கு ரஷ்ட் பேஸ் எண்டா என்னெண்டு நான் சொல்லத் தேவையில்லை. ரவுண்ஹோல் எண்ட நடு மண்டபத்தை மட்டும் கடகடவெண்டு ஏத்திப்போட்டு மதிலும் பீரங்கியும் பழைய லெவலில கிடக்க, வாறவன் போறவன் எல்லாம் அடிச்சிட்டுப் போவான். கலர் கவர், மெசின், லோன், வவுனியா வரைக்கும் சப்ளை எண்டு நீங்கள் எழுதினதை வாசிக்க எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது ப்ரோ. உங்கட கிளானில ஒருத்தன் இப்பிடி ஒரு பேஸை வைச்சுக்கொண்டு வோருக்கு வந்தா விட்டிருப்பியளோ?

பப்ஜீலயும் அப்பிடித்தான், எரங்கல் மப்பில பொச்சிங்கி எண்ட ஊரில குதிச்சா லூட் (பொறுக்கிற சாமான்) கனக்க, ஆனா குதிக்கிற ஆக்களும் கனக்க, துவக்கை எடுக்கிறதுக்குள்ள செத்து லொபிக்கு, அதாவது மச்சுக்கு முதல் நிக்கிற இடத்துக்கு, திரும்பி வந்திடுவம் (எங்கட பக்கத்துச் சிக்னலுக்கு குதிக்க முதலே லொபிதான், அது வேற கதை). கிளிநொச்சி ரவுண் கடை றாக்கை ஒருக்கா நிண்டு பாருங்கோ, கொழும்புக் கொம்பனியளின்ர பைக்கற் மேல இருந்து கீழ வரைக்கும் தொங்குது, அவங்கள் றாக்கையும் குடுத்து போர்டும் அடிச்சுக் குடுக்கிறாங்கள், அதுக்குள்ள உங்கட கச்சான் எங்க தொங்கப்போகுது? நான் எண்டா ஓரமாத்தான் குதிப்பன். வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஆவணியில மடு மாதா திருவிழா, வன்னிச் சனம் முழுக்க அங்கதான் நிக்கும். கச்சான் கடை அங்கயும் வரிசையாத்தான் இருக்கும், அது தெரியும், ஆனா வீட்ட கொண்டுபோய் வைச்சுச் சாப்பிடுற மாதிரி வடிவா மூடிக் கட்டின பைக்கற் நான் கண்டதில்லை. சனம் நிண்டு சாப்பிடுறதுக்கு ஒரு சரை, கொண்டுபோறதுக்கு ஒரு பைக்கற்.

மல்லாவி_மில்லக்கா:

தம்பி நான் கேம் ஒண்டும் விளையாடினதில்லை, என்ர மகன் விளையாடுறான், அவன் அறைக்குள்ள இருந்து கத்துற சத்தம்தான் எனக்குத் தெரிஞ்ச கேம். நான் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் பைக்கற் பண்ணி மல்லாவி, துணுக்காய், மாங்குளம் கடையளுக்குப் போடுறன். அதால கடைக்காரரைப் பற்றிச் சொல்லுறன்.

சனம் வாங்குமோ வாங்காதோ எண்டுதான் நீர் யோசிக்கிறீர். சனம் பிறகு, முதல்ல கடைக்காரர். நீர் பைக்கற்றைக் கொண்டுபோனா "வைச்சிட்டுப் போங்கோ, வித்தாக் காசு" எண்டுவார். ரெண்டு கிழமையால போனா "அண்ணை சந்தைக்குப் போட்டார், நாளைக்கு வாங்கோ". பெற்றோலை எரிச்சுத் திரும்பவும் போனா பாதி வித்திருக்கும், மிச்சம் வெயில் நேர அடிக்கிற இடத்தில தொங்கும், கச்சான் எண்ணெய்ச் சாமான், வெயில் பட்டா காறிப்போம், காத்துப் போனா நமத்துப்போம், அதைக் கழட்டி உம்மட கையில தந்து "இது போகேல்ல தம்பி" எண்டுவார். அந்தப் பாதிக்குக் காசும் இல்லை. இதுதான் சப்ளை எண்டுறது. அதால முதல்ல நாலு கடை போதும், பத்துப் பைக்கற்றுக்கு மேல வைக்கக் கூடாது, காசுக்கு எடுத்தா ஒரு பைக்கற் கூடத் தாறன் எண்டு சொல்லிப் பாரும். ஒரு கொப்பியில கடைக்கு ஒரு பக்கம், குடுத்தது, வித்தது, திரும்பி வந்தது, வரவேண்டிய காசு. போன்கடைத் தம்பி சொன்ன வரி அதுதான். எல்லாரும் வித்ததைத்தான் பாப்பினம், நீர் திரும்பி வந்ததைப் பாரும், ஏன் திரும்பினது எண்டு பக்கத்தில ஒரு சொல்லு எழுதிவையும், வெயில், எலி, சின்னன், விலை எண்டு.

கச்சான் வாங்கி வைக்கிறதில கவனம். ஈரத்தோட சாக்கில கட்டினா பூஞ்சணம் பிடிக்கும், அதில அஃப்ளாடொக்சின் எண்ட நஞ்சு வரும், ஈரலுக்குக் கூடாது, வறுத்தாலும் முழுக்கப் போகாது. கறுத்தது, சுருங்கினது, பூத்தது எல்லாம் பொறுக்கி எறியவேணும். கோதோட வறுத்தா உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு தெரியாது, சரையில வித்தா ஒராள் ஒரு கசப்புப் பருப்பைத் துப்பிப்போட்டுப் போயிடும், பைக்கற்றில உம்மட பேரும் விலாசமும் எல்லோ இருக்கும்.

கலர் கவர் இப்ப தேவையில்லை. தெளிவான உறையில ஒரு ஸ்ரிக்கர், பேர், நிறை, செய்த திகதி, முடியிற திகதி, விலை, விலாசம். பி.எச்.ஐயை (பொதுச் சுகாதாரப் பரிசோதகரை) நீரே போய்ச் சந்தியும், அவர் வரட்டும் எண்டு இருக்காதேயும். பிரதேச செயலகத்தில யாவாரப் பேரைப் பதிஞ்சு வையும்.

லோன் விசயம். சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வந்து வீடு வாசல் இல்லாமல் நிண்ட காலத்தில கிழமைக்கிழமை கட்டுற கடன் தர எத்தினை பேர் வந்தவை எண்டு உம்மட அம்மாவைக் கேளும். ஒண்டைக் கட்ட இன்னொண்டை எடுத்து எங்கட பெண்டுகள் பட்ட பாட்டால 2018ல அரசாங்கமே தலையிடவேண்டி வந்தது. உமக்கு அது கணக்குக்கும் சரிவராது, கச்சான் மூண்டு மூண்டரை மாசப் பயிர், பிடுங்குற நேரம் விலை இறங்கியிருக்கும், அப்ப மொத்தமா வாங்கி வைச்சு மற்ற மாசங்களில விக்கவேணும், முதல் உள்ளுக்க கிடக்கேக்க கிழமைக்கு எங்கால கட்டுவீர்?

கிளானில 50 பேரை வேலை செய்விச்சது பெரிய விசயம்தான். காசு குடுத்து ரெண்டு பேரைக் கச்சான் பொறுக்க விட்டுப் பாரும், அப்ப தெரியும்.

வவுனியா_ரீச்சர்:

ஏசாமல் சொல்லச் சொன்னதால மெதுவாச் சொல்லுறன். 2003ல நேச்சர் சஞ்சிகையில கிரீன், பவேலியர் எண்ட ரெண்டு பேர் அக்சன் கேம் விளையாடுறவைக்குக் கண்ணால ஒரே நேரத்தில கன விசயத்தைக் கவனிக்கிற திறமை கூட எண்டு காட்டினவை. யூரியூப்காரர் தூக்கிப் பிடிக்கிறது இப்பிடியான ஆராய்ச்சியளைத்தான். ஆனா 2010ல அதே சஞ்சிகையில இன்னொண்டு வந்தது, மூளைக்குப் பயிற்சி எண்டு விக்கிற கேம்களைப் போல 11,430 பேரை 6 கிழமை செய்ய விட்டுப் பாத்தவை. எதைப் பழகினவையோ அதில மட்டும் கெட்டிக்காரர் ஆகிச்சினம், பழகாத வேற வேலைக்கு அது பரவேல்ல. அதால கேம் தானா உங்களை யாவாரி ஆக்கும் எண்டு இருக்காதேங்கோ, நீங்களா இது அங்க இப்பிடி, இஞ்ச எப்பிடி எண்டு இருந்து யோசிச்சு மாத்தினாத்தான் உண்டு. அதைத்தான் போன்கடைக்காரர் செய்திருக்கிறார்.

சித்தப்பாக்கும் ஒண்டு சொல்லலாம். உலக சுகாதார நிறுவனத்தின்ர நோய்ப் பட்டியலில கேமிங் டிஸோடர் 2022 தையில இருந்து நடைமுறைக்கு வந்திட்டுது, ஆனா அது எத்தினை மணித்தியாலம் விளையாடுறாய் எண்ட கணக்கில்லை. நிப்பாட்ட நினைச்சும் ஏலாமல், மற்ற எல்லாத்துக்கும் மேல அது வந்து, கெடுதி நடக்குது எண்டு தெரிஞ்சும் விடாமல், பொதுவா 12 மாசம் அப்பிடி இருந்தாத்தான். வெள்ளனவே எழும்பித் தாச்சிக்கு முன்னால நிக்கிற பிள்ளைக்கு அது பொருந்தாது.

எனக்கு உள்ள பயம் வேற இடத்தில. எப்ப கிடைக்கும் எண்டு தெரியாத பரிசுதான் ஆளை விடாமல் இழுக்கும் எண்டு ஸ்கின்னர் எண்ட உளவியலாளர் புறாவை வைச்சுக் காட்டினவர், கேமில காசு குடுத்து உள்ளுக்க என்ன எண்டு தெரியாத பெட்டி உடைக்கிறதும் அதுதான், அதைச் சூது எண்டு பெல்ஜியம் 2018ல தடுத்தது. அந்தப் பழக்கத்தோட யாவாரத்துக்கு வாற பிள்ளையள் பேஸ்புக் பேஜில லைக் ஏறுறதைப் பாத்துக்கொண்டு யாவாரம் ஓடுது எண்டு நினைக்குதுகள். மில்லக்கான்ர கொப்பியில லைக்குக்குப் பக்கம் இல்லை, கவனிச்சியளோ?

கண்டாவளை_வயல்:

நானும் கேம்தான் விளையாடுறன். வருசத்தில ரெண்டு மச், காலபோக நெல்லு, சிறுபோக நெல்லு, இரணைமடுக் குளத்தில தண்ணி இல்லாட்டி ரெண்டாவது மச்சில எல்லாருக்கும் இடமும் கிடையாது. 2018 மார்கழி வெள்ளத்தோட எங்கட லொபி முழுக்க எலிமினேற், ரீஸ்போன் (திரும்ப உயிர் வாறது) அடுத்த ஐப்பசிக்கு. உங்களுக்கெல்லாம் ஒரு இரவுக்கு எத்தினை மச்! குடுத்து வைச்சனீங்கள்.

தம்பி, கச்சானைப் பிடுங்குற நேரம் விதைச்சவனிட்டயே போய் எடும். தரகர் கைக்குப் போனா ஈரத்தையும் சேத்துத்தான் நிறுத்துத் தருவினம். கோதைக் கிலுக்கிப் பாரும், பருப்பு உள்ளுக்க சலசலக்கவேணும்.

கச்சான்_கிளான்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் இருந்து எழுதுவியள் எண்டு நினைக்கேல்ல. ரஷ்ட் பேஸ் எண்டதை வாசிச்சிட்டுச் சிரிச்சனான், உண்மையா அப்பிடி ஒருத்தன் எங்கட கிளானில இருந்தவன், ரவுண்ஹோலை இறக்கேலாது, பிறகு மாசக்கணக்கா மதில் ஏத்தவேண்டி வந்தது. கவருக்குச் சொன்னவருக்கு இப்ப வேண்டாம் எண்டு சொல்லிட்டன். லோனும் இல்லை. சீலர் கையால அமத்துற சின்னது காணும்.

ரீச்சர், நீங்கள் சொன்னதில ஒண்டை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டன். 50 பேரோட மல்லுக்கட்டினது கேமுக்குள்ள மட்டும் நிக்கிற விசயம் இல்லை எண்டுதான் எனக்குப் படுது. ஒருத்தனுக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னா அடுத்த நாள் விட்டுட்டுப் போயிடுவான், இன்னொருத்தனுக்கு தனியச் சொன்னா ஏறாது, எல்லாருக்கும் முன்னால சொன்னாத்தான் செய்வான். அவங்கள் மனுசர்தானே, துவக்கும் பீரங்கியும்தான் பொய். காசு குடுத்து வேலை செய்விக்கிறது வேற மாதிரித்தான் இருக்கும், அக்கா சொன்னதை மறுக்கேல்ல, ஆனா அதில நான் சுத்தப் புதுசு இல்லை எண்டு நினைக்கிறன்.

கொப்பி தொடங்கிட்டன். அக்கா சொன்ன நாலு வரிசையோட இன்னொரு வரிசையும் போட்டிருக்கிறன், எத்தினையாம் தாச்சியில வறுத்தது எண்டு. ஒரு தாச்சி கூடக் கருகினா எந்தக் கடைக்குப் போனது எண்டு பிடிக்கலாம், மச் திருப்பிப் பாக்கிற மாதிரி. முதல்ல கம்பஸ் கன்ரீன் மட்டும்தான், அது சரிவந்தா வற்றாப்பளை.

அக்காட்ட ஒரு கேள்வி, பைக்கற் விலை எப்பிடிப் போடுறது? நான் கச்சான் வாங்கின விலையில ஒண்டரை மடங்கு எண்டு நினைச்சு வைச்சிருந்தன்.

மல்லாவி_மில்லக்கா:

ஒண்டரை மடங்கு எண்டு கண்ணை மூடிக்கொண்டு போடாதேயும். வறுக்க முதல் ஒருக்கா நிறும், வறுத்து அரிச்சுப் பொறுக்கி எடுத்த பிறகு ஒருக்கா நிறும். ஒரு கிலோ வாங்கினது ஒரு கிலோவா நிக்காது, கோது உடைச்சா இன்னும் குறையும், மிஞ்சுற பருப்பின்ர நிறைக்குத்தான் வாங்கின காசைப் பிரிக்கவேணும். பிறகு விறகு, உப்பு, உறை, ஸ்ரிக்கர், பெற்றோல், திரும்பி வாற பைக்கற்றுக்கு ஒரு பங்கு, கடைக்காரற்ற கழிவு. இவ்வளவும் எல்லாரும் எழுதுவினம். உம்மட கூலியையும் அம்மான்ர கூலியையும் எழுதும். அம்மா சும்மா செய்யிறா எண்டு விட்டீர் எண்டா கொப்பியில லாபம் எண்டு தெரியிறது அம்மான்ர முதுகு நோ, வேற ஒண்டும் இல்லை. நாளைக்கு அவக்கு ஏலாமல் போய் நீர் ஒரு ஆளைக் கூலிக்குப் பிடிச்சா அண்டைக்கே யாவாரம் நட்டத்தில ஓடும்.

கண்டாவளை அண்ணை சொன்ன கிலுக்கிற விசயத்தைக் குறிச்சு வையும், அது நல்ல பாடம்.

அறிவியல்நகர்_பொடியன்:

கன்ரீன் அண்ணையோட கதைச்சிட்டன் மச்சான். காசு கையில தருவாராம், கடன் இல்லை, ஆனா ரெண்டு கண்டிசன். சின்னப் பைக்கற்றா இருக்கவேணும், பெரிசை ஒருத்தன் வாங்கினா அந்த றூமில ஆறு பேர் திண்டிடுவாங்களாம், சின்னன் எண்டா ஆறு விக்கலாமாம். மற்றது கோது இல்லாமல் வேணும், போன தரம் ஆரோ கோதோட வித்து மேசை முழுக்கக் குப்பை, கூட்டுற அக்கா வந்து சண்டை.

கச்சான்_கிளான்:

கோது இல்லாமலோ? அப்ப வேலை டபிள். ஆனா பொறுக்கலாம், அக்கா சொன்ன பூஞ்சணப் பிரச்சினையும் கண்ணில தெரியும். கூலி வரிசையில ஒரு தங்கச்சியைச் சேத்துத்தான் கணக்குப் பாக்கவேணும். அவள் இப்பவே கேக்கிறாள் பைக்கற்றுக்கு எவ்வளவு எண்டு, வியாழக்கிழமைக்குள்ள பேசி முடிச்சிட்டுக் கொண்டுவாறன், எத்தினை பைக்கற் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லு.